சைன் எக்ஸ் பை எக்ஸ் ஏன் 0.01745 ஆனது? நுண்கணிதம் படிக்க இணையத்தில் எதை நம்பலாம்

கார்த்திகை மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம். மண்டபம் பக்கம் நான் டியூஷன் எடுக்கும் ஓட்டுக் கொட்டகைக்கு ஒரு பிளஸ் ஒன் பையன் மற்றவர்களுக்கு முன்பே வந்துவிட்டான். அப்பா விசைப்படகில் போகிறவர். அவர் கடலுக்குப் போகாத நாட்களில் போன் இவன் கைக்கு வரும். அன்றைக்கு வந்திருந்தது.

"சார், புத்தகத்துல போட்டிருக்கிறது தப்பு சார்" என்றான். எக்ஸ் பூஜ்ஜியத்தை நெருங்கும்போது சைன் எக்ஸ் பை எக்ஸின் எல்லை மதிப்பு 1 என்கிறது புத்தகம். இவன் போன் கால்குலேட்டரில் சைன் 0.01 போட்டு, அதை 0.01 ஆல் வகுத்திருக்கிறான். 0.01745 வந்திருக்கிறது. 0.001 போட்டுப் பார்த்திருக்கிறான். மறுபடியும் அதே 0.01745. "ஒண்ணு எங்க சார்? ஒண்ணுக்குப் பக்கத்துலகூட வரலையே."

கால்குலேட்டர் டிகிரியில் இருந்தது, அவ்வளவுதான். ஆனால் இந்த "அவ்வளவுதான்" என்பதற்குள் ஒரு பாடமே இருக்கிறது. ரேடியன் என்பது கோணத்தை வட்டத்தின் வில்லால் அளப்பது: வில்லின் நீளம் எத்தனை ஆரம் என்று எண்ணுகிறோம். கோணம் சிறுத்துக்கொண்டே போகும்போது அந்த வில்லும் சைன் குறிக்கும் செங்குத்துக் கோடும் ஏறத்தாழ ஒன்றாகிவிடுகின்றன. விகிதம் 1 ஆவது அதனால்தான். டிகிரியில் அளந்தால் ஒரு டிகிரி என்பது π-ஐ 180-ஆல் வகுத்த அளவு ரேடியன், அதாவது 0.01745. பையனுக்குக் கிடைத்தது வேறொரு அளவுகோலில் வந்த சரியான எல்லை! அந்த 0.01745-ஐ ஒவ்வொரு வகையிடலிலும் முதுகில் சுமந்து திரிய வேண்டாம் என்றுதான் நுண்கணிதம் (கால்குலஸ்) முழுக்க ரேடியனில் நடக்கிறது. சைனின் வகைக்கெழு, அதாவது மாறுவீதம், காஸ் என்று நாம் ஒப்பிக்கிற வரிகூட ரேடியனில் மட்டுமே உண்மை.

அந்த வாரம் அவன் மூன்று வீடியோ பார்த்திருந்தான். நானும் உட்கார்ந்து பார்த்தேன். மூன்றிலும் விடை 1, மூன்றிலும் நிறுவல் சரி. இரண்டில் ரேடியன் என்ற சொல்லே இல்லை. ஒன்றில் வந்த வேகத்தில் போய்விட்டது. பாடத்தில் பிழை சொல்ல முடியாது. ஆனாலும் பையன் வழுக்கிவிட்டான்.

இணையப் பாடங்களை நான் எடைபோடும் முறை அதற்குப் பிறகு மாறியது. முன்பெல்லாம் குரல் தெளிவாக இருக்கிறதா, பலகை தெரிகிறதா, தமிழில் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பிவைப்பேன். இப்போது பிள்ளைகள் வழக்கமாகத் தடுக்கி விழுகிற நாலைந்து இடங்களுக்கு நேரே போகிறேன். அந்த இடத்தில் பாடம் நிற்கிறதா, தாண்டி ஓடுகிறதா என்று மட்டும் பார்க்கிறேன். நன்றாக வழுக்கிக்கொண்டு போகிற வீடியோவைப் பார்த்து முடித்ததும் "புரிஞ்சிருச்சு சார்" என்கிறார்கள். அந்தச் சொல்லை நான் நம்புவதில்லை.

பின்னணி

இன்றுள்ள மேல்நிலைப் பாடத்திட்டம் 2018-ல் பிளஸ் ஒன்னுக்கும் 2019-ல் பிளஸ் டூவுக்கும் வந்தது. பிளஸ் ஒன் கணக்கின் இரண்டாம் தொகுதியில் எல்லை, தொடர்ச்சி, வகையிடல், தொகையிடல் எல்லாம் வந்துவிடுகின்றன. பிளஸ் டூவில் அவற்றின் பயன்பாடுகள், பகுதி வகைக்கெழு, வகைக்கெழுச் சமன்பாடு. அடித்தளம் முழுக்கப் பிளஸ் ஒன்னில், கட்டடம் பிளஸ் டூவில். 2025-26 கல்வியாண்டிலிருந்து பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கிடையாது. பிள்ளைகளுக்குச் சுமை குறைந்தது, நல்லதுதான். ஆனால் பொதுத்தேர்வு இல்லாத வருஷத்துப் பாடத்தை வீடுகளில் எப்படிப் பார்ப்பார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எல்லை என்றால் என்ன என்று தெரியாமலே பிளஸ் டூ நுண்கணிதத்துக்குள் நுழைகிற பிள்ளைகள் இனி கூடுவார்கள். இடைவெளியை நிரப்பப் போவது போன்தான்.

பொறியியல் கலந்தாய்வின் 200 கட்ஆப்பில் கணக்குக்கு மட்டும் 100. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. ஆகவே வீட்டில் இன்ஜினியரிங் பேச்சு எழுந்தாலே கணக்கு டியூஷன் பேச்சும் சேர்ந்து எழும். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை நீளும் இந்தக் கரையில் பெரிய டியூஷன் சென்டர்கள் ராமநாதபுரம் டவுனில்தான். தங்கச்சிமடத்துப் பிள்ளை பள்ளி விட்டு பஸ் பிடித்து அங்கே போய்த் திரும்பினால் ராத்திரி ஆகிவிடும். பெண் பிள்ளைகளை அனுப்ப வீட்டில் யோசிப்பார்கள். யூடியூப் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. இலவசம் வேறு.

ஆங்கிலத்தில் கிடைப்பவை

அமெரிக்காவைச் சேர்ந்த சல்மான் கான் தன் உறவுக்காரப் பெண்ணுக்குத் தொலைவிலிருந்து கணக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கியது 2004-ல். அது கான் அகாடமி என்ற லாப நோக்கமற்ற அமைப்பானது 2008-ல். அங்கே வீடியோவைவிட நான் மதிப்பது பயிற்சிக் கணக்குகளை. விடை போட்டதும் சரியா தப்பா என்று சொல்லிவிடும். தப்பானால் படிப்படியாகக் குறிப்பு தரும். ஒரே கணக்கை எண்களை மாற்றி மாற்றிக் கேட்கும். ராத்திரி பத்து மணிக்குத் தனியாக உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு ஒரு வாத்தியார் பக்கத்தில் இருந்தால் செய்வதில் பாதியை அது செய்துவிடுகிறது.

திரீ புளூ ஒன் பிரவுன் என்ற சேனலில் கிராண்ட் சாண்டர்சன் 2017-ல் வெளியிட்ட நுண்கணிதத் தொடர் வேறு ரகம். முதல் பகுதியிலேயே வட்டத்தை வளையம் வளையமாக அறுத்து நிமிர்த்தி அடுக்கி, பரப்பை ஒரு முக்கோணமாக்கிக் காட்டுவார். ஜெட்டியில் சுற்றி வைத்திருக்கும் வடக்கயிற்றுச் சுருளை நடுவரை ஒரு வெட்டு வெட்டிப் பிரித்துப் போட்டதாக நினைத்துப் பாருங்கள். அடியில் நீளமான கயிறு, மேலே போகப் போகக் குட்டை. அடி 2π ஆர், உயரம் ஆர். முக்கோணத்தின் பரப்பு π ஆர் வர்க்கம். அழகு! ஆனால் அந்தத் தொடரைப் பார்த்து ஒரு கணக்கும் போடத் தெரியாது. அதைச் செய்தவரே பயிற்சிக்கு மாற்றாக அதைத் தரவில்லை. பாடம் நடத்துவதற்கு முன் ஒரு தடவை, நடத்தி முடித்து ஒரு தடவை என்று பார்க்கச் சொல்வேன். இரண்டாம் தடவைதான் அது உள்ளே போகும்.

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடங்களை இலவசமாகப் போட்டு வைத்திருக்கும் ஓப்பன் கோர்ஸ்வேரில் டேவிட் ஜெரிசன் நடத்தும் 18.01 என்ற நுண்கணித வகுப்புகள் முழுசாக இருக்கின்றன, வினாத்தாள், விடையோடு. அதே பல்கலைக்கழகத்தின் கில்பர்ட் ஸ்ட்ராங், எட்வின் ஹெர்மனோடு சேர்ந்து எழுதிய பாடநூல் மூன்று தொகுதிகளாக ஓப்பன்ஸ்டாக்ஸ் தளத்தில் இலவசம். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு இவை விருந்து. மற்றவர்களுக்கு ஆங்கிலமே மலைப்பாகிவிடும். நம் ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் 2003-ல் தொடங்கிய என்பிடெல் இணைய வகுப்புகள், கல்லூரிப் பிள்ளைகளுக்கானவை. பள்ளிப் பிள்ளைகள் தலைப்பைப் பார்த்து உள்ளே போய் மிரண்டு வெளியே வருகிறார்கள்.

நான் அதிகம் அனுப்பிவைப்பது டெக்சஸில் உள்ள லாமார் பல்கலைக்கழகத்து பால் டாக்கின்ஸ் எழுதி வைத்திருக்கும் கணக்குக் குறிப்புகளுக்கு. படமும் வண்ணமும் குறைவு. வெறும் எழுத்து. ஆனால் மனிதர் எங்கே மாணவன் தப்புச் செய்வான் என்று தெரிந்து எழுதியிருக்கிறார். அல்ஜிப்ராவில் வழக்கமாக வரும் பிழைகளுக்கென்றே தனியாக ஒரு பகுதி வைத்திருக்கிறார். நுண்கணிதத்தில் மார்க் போவதில் பெரும்பங்கு நுண்கணிதத்தால் போவதில்லை. பின்னத்தைச் சுருக்கத் தெரியாமல் போகிறது, அடைப்புக்குறிக்கு வெளியே இருக்கும் மைனஸ் உள்ளே போக மறந்து போகிறது. இதை வெளிப்படையாகச் சொல்கிற வளங்கள் ரொம்பக் குறைவு. எழுத்துக்கு இன்னொரு சௌகரியம், டேட்டா சாப்பிடாது. பிடிஎப்பாக ஒரு தடவை இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் திறக்கும்.

நம் ஊர்ச் சொல், அவர்கள் சொல்

வெளிநாட்டு வளங்களில் பிள்ளைகள் விழுகிற பள்ளங்களில் பாதி, கணக்கில் இல்லாமல் குறியீட்டில் இருக்கின்றன. நம் புத்தகத்தில் லாக் எக்ஸ் என்றால் ஈ அடிமான இயல் மடக்கை. அதன் வகைக்கெழு 1 பை எக்ஸ். வரைபடம் போட்டுக் காட்டும் டெஸ்மாஸ் தளத்தில் லாக் என்று அடித்தால் அது 10 அடிமானம். எக்ஸ் 1 ஆக இருக்கும் இடத்தில் தொடுகோட்டின் சாய்வு 1 வர வேண்டும், 0.434 வரும். அங்கே லான் என்று அடிக்க வேண்டும். கணக்குப் போட்டுத் தரும் உல்ஃப்ராம் ஆல்பா தளத்திலோ லாக் என்றாலே இயல் மடக்கைதான். இரண்டு தளத்திலும் ஒரே கணக்கைப் போட்டுப் பார்த்த பிள்ளை இரண்டையும் நம்பாமல் போய்விடுகிறது. கோசெக் என்று நாம் எழுதுவதை அமெரிக்கர்கள் மூன்றே எழுத்தில் வேறு மாதிரி எழுதுகிறார்கள். அது ஏதோ புதுச் சார்பு என்று ஒரு பெண் பிள்ளை இரண்டு நாள் அதைத் தேடிக்கொண்டிருந்தது.

பெர்னோலி சூத்திரம் இன்னும் வேடிக்கை. எக்ஸ் வர்க்கத்தை ஈ அடுக்கு எக்ஸோடு பெருக்கித் தொகையிடுவது போன்ற கணக்குகளுக்கு, பகுதித் தொகையிடலைத் திரும்பத் திரும்பச் செய்யாமல் ஒரே வரியில் முடிக்க நம் பிளஸ் ஒன் புத்தகம் தருகிற வழி அது. அந்தப் பெயரை இணையத்தில் தேடினால் விமான இறக்கையும் குழாயில் ஓடும் தண்ணீரும் வரும், அதே குடும்பத்தில் இன்னொரு பெர்னோலி செய்த வேலை. வெளிநாட்டுத் தளங்களில் நம் சூத்திரத்தின் பெயர் அட்டவணை முறை, அவர்கள் சொல்லில் டேபுலர் மெத்தட். பெயர் தெரியாவிட்டால் பொருள் கையில் சிக்காது.

தமிழிலேயே தேடலாமே என்றால், இந்தக் கரைக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. நுண்கணிதம் என்று தமிழில் தட்டினால் வருகிற நல்ல வகுப்புகளில் கணிசமானவை பாக் நீரிணைக்கு அந்தப் பக்கத்தவை. இலங்கையில் உயர்தரத்துக்கு இணைந்த கணிதம் என்று ஒரு பாடம் இருக்கிறது, அதைத் தமிழ் வழியிலேயே நடத்துகிறார்கள். நிதானமான வகுப்புகள், சொற்களும் சுத்தம். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்கள் என்பதால் எங்களுக்கு அந்தப் பேச்சு அந்நியமே இல்லை. ஆனால் சொற்கள் வேறு. நாம் வகைக்கெழு என்பதை அவர்கள் பெறுதி என்கிறார்கள். நம் திசையன் அங்கே காவி. நம் முடுக்கம் அங்கே ஆர்முடுகல். இதையெல்லாம் பிள்ளைகள் ஒரு வாரத்தில் பழகிவிடுவார்கள், புதுச் சொல் என்று தெரிவதால். ஆபத்து பழைய சொல்லில்தான் இருக்கிறது. நாம் வேகம் என்றால் திசை பார்க்காத வேகம், திசையோடு சேர்ந்தால் திசைவேகம். அங்கே திசை பார்க்காதது கதி, திசையோடு சேர்ந்ததுதான் வேகம். அங்கே வேகம் மைனஸ் 3 என்று எழுதுவது சரி, இங்கே அதை அப்படியே எழுதினால் திருத்துகிறவர் சுழிப்பார். இந்த ஐந்தாறு சொல்லை ஒரு தாளில் எழுதி நோட்டின் முன்னட்டையில் ஒட்டிக்கொண்டால் அந்த வகுப்புகளைத் தாராளமாகப் பார்க்கலாம். நான் பார்க்கச் சொல்கிறேன்.

நம் பக்கத்தில் 2019-ல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் வகுப்புகள் யூடியூபில் இருக்கின்றன. பாடநூல் கழகத்தின் புத்தகங்கள் பிடிஎப்பாக இலவசம். புத்தகத்தில் இருக்கும் கியூஆர் கோடுகளையும், பாட முடிவில் வருகிற இணையச் செயல்பாடுகளையும் யாரும் சீந்துவதில்லை. அவை ஜியோஜீப்ராவில் செய்தவை, மார்க்கஸ் ஹோகன்வார்டர் 2001-ல் உருவாக்கிய இலவச மென்பொருள் அது. தொடுகோட்டைக் கையால் இழுத்துப் பார்க்கலாம். சுற்றி அலைவதற்கு முன் வீட்டில் இருப்பதைப் பார்க்கலாமே என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

தடுக்கும் இடங்கள்

முதல் இடம், பூஜ்ஜியத்தைப் பூஜ்ஜியத்தால் வகுப்பது. எக்ஸ் வர்க்கத்தின் வகைக்கெழு 2 எக்ஸ் என்று எல்லோருக்கும் தெரியும். ஏன் என்று கேட்டால் பவர் கீழே இறங்கும் என்பார்கள். எக்ஸ் 3 ஆக இருக்கும் இடத்தில் வரையறையிலிருந்து போடச் சொல்லுங்கள். எச் என்ற சின்ன எண்ணை எடுத்து, 3 கூட்டல் எச், அதன் வர்க்கத்தில் 9-ஐக் கழித்து எச்சால் வகுத்தால் 6 கூட்டல் எச் வரும். அப்புறம் எச்சைப் பூஜ்ஜியம் ஆக்கினால் 6. இங்கே கொஞ்சம் சந்தேகப் பிராணியான பிள்ளை எழுந்து கேட்கும்: "வகுக்கும்போது எச் பூஜ்ஜியம் இல்லைன்னீங்க, இப்ப பூஜ்ஜியம்ங்கிறீங்க. எது சார்?" இதே கேள்வியை ஜார்ஜ் பெர்க்லி என்ற அயர்லாந்துப் பாதிரியார் 1734-ல் நியூட்டனின் முறையைப் பார்த்துக் கேட்டார். எல்லை என்ற கருத்தை கோஷி என்ற பிரெஞ்சுக் கணித மேதை ஒழுங்காக எழுதி வைத்தது 1821-ல். நடுவில் 87 வருஷம். பெரிய பெரிய கணித மேதைகளை அவ்வளவு காலம் அலைக்கழித்த கேள்வியை ஒரு வீடியோ இருபது விநாடியில் தாண்டிப் போனால், நான் அதை மூடிவிடுவேன். எச்சுக்கு 0.1, 0.01, 0.001 போட்டு 6.1, 6.01, 6.001 என்று நெருங்குவதைக் காட்டி, எச் பூஜ்ஜியத்தைத் தொடுவதே இல்லை, 6-ஐ நெருங்குவதைத்தான் விடை என்கிறோம் என்று சொல்கிற பாடம் தேறியது.

இரண்டாவது இடம், மாறுவீதக் கணக்கு. ஏணி வழுக்குகிற கணக்கு, கூம்புத் தொட்டியில் தண்ணீர் ஏறுகிற கணக்கு. இந்த வகையில் எங்கள் கொட்டகைக்கென்றே ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். கரையில் 3 மீட்டர் உயரத்தில் நின்று ஒருவர் வள்ளத்தைக் கயிறு கட்டி இழுக்கிறார், கயிறு விநாடிக்கு 0.4 மீட்டர் உள்ளே வருகிறது. கயிறு 5 மீட்டர் இருக்கும்போது வள்ளம் என்ன வேகத்தில் வரும்?

கரையிலிருந்து வள்ளம் எக்ஸ் தூரம், கயிறு எல் நீளம் என்றால், எக்ஸ் வர்க்கம் கூட்டல் 9, எல் வர்க்கத்துக்குச் சமம். நேரத்தைப் பொறுத்து இருபுறமும் வகையிட்டால், எக்ஸ்-ஐ அதன் மாறுவீதத்தால் பெருக்கியதும் எல்-ஐ அதன் மாறுவீதத்தால் பெருக்கியதும் சமமாகின்றன. கயிறு 5 என்றால் தூரம் 4. ஆக வள்ளத்தின் வேகம் 0.4-ஐ 5-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தது, விநாடிக்கு 0.5 மீட்டர். கயிற்றைவிட வள்ளம் வேகமாக வருகிறது! பள்ளியில் முதல் தடவை பார்க்கிற பிள்ளைகளுக்கு இது நம்பிக்கை வராது. பாம்பன் பக்கத்துப் பிள்ளை ஒன்று சிரித்தது. "கிட்ட வந்ததும் இன்னும் வெரசா வரும் சார். கால வச்சுத் தடுக்கலேன்னா இடிச்சிரும்." கணக்கும் அதையேதான் சொல்கிறது. தூரம் 1 மீட்டர் ஆகும்போது கயிறு ரூட் 10, அதாவது 3.16. வள்ளத்தின் வேகம் ஏறத்தாழ 1.26. கயிற்றைவிட மூன்று மடங்குக்கு மேல்.

இந்தக் கணக்கில் ஒரு பாடத்தைச் சோதிக்க இரண்டு விஷயம் பார்ப்பேன். எல்லுக்கு 5 என்று முதலிலேயே போட்டுவிட்டு வகையிட்டால் எல்லாம் மாறிலி ஆகி வேகம் பூஜ்ஜியம் வந்துவிடும். முக்கால்வாசிப் பிள்ளைகள் செய்கிற தப்பு இதுதான். அந்தத் தப்பைப் பாடமே ஒரு தடவை செய்து காட்டி, "பார், வள்ளம் நின்றுபோச்சு" என்று சொல்கிறதா? இரண்டாவது, தூரம் பூஜ்ஜியத்தை நெருங்கும்போது சூத்திரம் வேகத்தை முடிவிலிக்குக் கொண்டுபோகிறது. எந்த வள்ளமும் அப்படி வராது. அந்த இடத்தில் ஒரே சீராக 0.4 வேகத்தில் கயிற்றை இழுக்கவே முடியாது என்பதுதான் பொருள். சூத்திரம் எதுவரை செல்லும் என்று சொல்கிற பாடத்தை நான் இதுவரை விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது இடம் தொகையிடல். பரப்பு, பரப்பு என்று மட்டும் சொல்லிக்கொண்டே போகிற பாடங்கள் உண்டு. கமுதி சூரிய மின் நிலையம் 648 மெகாவாட் என்பார்கள். அது உச்ச அளவில் மின்சாரம் வருகிற வேகம். காலையில் ஏறி உச்சியில் நின்று மாலையில் இறங்குகிற அந்த வளைவின் கீழே இருப்பதுதான் அன்றைக்குக் கிடைத்த யூனிட். வேகத்தைச் சேர்த்துச் சேர்த்து மொத்தத்தை எடுப்பது தொகையிடல் என்று ஒரு தடவையாவது சொல்லியிருக்க வேண்டும்.

விடை மாறி வந்தால்

தொகையிடலில் இன்னொரு தொல்லை, போனைத் திறந்தால்தான் வருகிறது. சைன் எக்ஸையும் காஸ் எக்ஸையும் பெருக்கித் தொகையிடச் சொல்கிறது கணக்கு. புத்தகத்தில் சைன் வர்க்கம் பை 2. ஒரு செயலியில் மைனஸ் காஸ் வர்க்கம் பை 2. வேறொன்றில் மைனஸ் காஸ் 2 எக்ஸ் பை 4. மூன்றையும் பார்த்த பிள்ளை குழம்பி, கடைசியில் புத்தகத்து விடையை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறது.

மூன்றும் சரி. எக்ஸுக்குப் பூஜ்ஜியம் போட்டுப் பாருங்கள். முதலாவது 0, இரண்டாவது மைனஸ் 1/2, மூன்றாவது மைனஸ் 1/4. எக்ஸ் எதுவானாலும் அவற்றுக்கு இடையே இருக்கும் வித்தியாசம் இதுவேதான், மாறாது. கடைசியில் போடுகிற கூட்டல் சி அதை விழுங்கிவிடுகிறது. அந்த சி-யை விட்டால் மார்க் போகும் என்று மிரட்டுகிற வாத்தியார்கள் அது எதற்கு இருக்கிறது என்று சொன்னால் இந்தக் குழப்பமே வராது. நானும் பல வருஷம் மிரட்டினவன்தான்.

நுண்கணிதத்தில் மட்டும் கிடைக்கிற ஒரு வசதி இது. தொகையிட்டுக் கிடைத்த விடையைத் திரும்ப வகையிட்டால் கேள்வி வந்துவிட வேண்டும். தொகையிடுவது கஷ்டம், வகையிடுவது சுலபம். அதனால் தன்னால் போட முடியாத கணக்கின் விடையைக்கூட ஒரு பிளஸ் ஒன் பிள்ளை சரிபார்த்துவிடலாம். வரலாற்றிலோ உயிரியலிலோ இணையம் சொல்வதை இப்படி உட்கார்ந்த இடத்தில் சோதிக்க முடியாது.

கேட்டால் பதில் சொல்கிற ஏஐ செயலிகளுக்கு இதைத்தான் சொல்லித் தருகிறேன். ஒருநாள் அப்படி ஒன்று எக்ஸ் காஸ் எக்ஸைத் தொகையிட்டு, எக்ஸ் சைன் எக்ஸ் மைனஸ் காஸ் எக்ஸ் கூட்டல் சி என்று அழகாகப் படிப்படியாக எழுதித் தந்தது. வகையிட்டுப் பார்த்தால் எக்ஸ் காஸ் எக்ஸ் கூட்டல் 2 சைன் எக்ஸ் வருகிறது. நடுவில் இருக்கும் மைனஸ் பிளஸாக இருந்திருக்க வேண்டும். சரிபார்க்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. எழுத்தின் அழகுக்கும் விடையின் சரிக்கும் சம்பந்தமில்லை என்று பிள்ளைகளுக்கு அன்றைக்குப் புரிந்தது. அதற்காக அதைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. "விடை வேண்டாம், என் தப்பு எந்த வரியில்னு மட்டும் சொல்லு" என்று கேட்கப் பழக்கினால் பிரமாதமாக உதவுகிறது. போட்டோ எடுத்தால் விடை தரும் செயலிகளைவிட அது மேல்.

வரையறுத்த தொகையிடலில் வேறொரு பொறி. 1 பை எக்ஸ் வர்க்கத்தை மைனஸ் 1 முதல் 1 வரை தொகையிடச் சொல்லுங்கள். சூத்திரத்தை அப்படியே போட்டால் மைனஸ் 2 வரும். எங்கேயும் மைனஸ் ஆகாத ஒரு வளைவின் கீழ்ப் பரப்பு எப்படி மைனஸ் ஆகும்? நடுவில் எக்ஸ் பூஜ்ஜியமாகும் இடத்தில் வளைவு எல்லையில்லாமல் மேலே போகிறது. அங்கே சூத்திரத்தைப் போடவே கூடாது, தொகைக்கு முடிவான மதிப்பும் கிடையாது. எந்தப் புதுச் செயலியைப் பிள்ளைகள் கொண்டுவந்தாலும் முதலில் இந்தக் கணக்கைக் கொடுத்துப் பார்ப்பேன். மைனஸ் 2 என்றால் அன்றைக்கே அந்தச் செயலியை அனுப்பிவிடுவேன்.

போனும் நோட்டும்

தேர்வுத்தாள் 90 மார்க். 20 ஒரு மார்க், ஏழு இரண்டு மார்க், ஏழு மூன்று மார்க், ஏழு ஐந்து மார்க். ஒரு மார்க்குக்கு மட்டும் குறுக்கு வழி சொல்லித்தரும் வீடியோக்கள் ஏராளம், அவற்றைத் தேர்வுக்கு முந்தின மாதம் பார்த்தால் போதும். ஐந்து மார்க் கேள்விக்குப் படி எழுத வேண்டும், படிக்கு மார்க். நுழைவுத் தேர்வுக்காகச் செய்யப்பட்ட வீடியோக்கள் படியைத் தாண்டித் தாண்டிப் போகும். அவர்கள் தேர்வுக்கு அது சரி, நம் தாளுக்கு ஆகாது.

தினசரி டேட்டா 1.5 ஜிபி என்றால் அதில் வீட்டில் மற்றவர்களும் பார்க்கிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு நான் சொல்வது, வீடியோவை வைஃபை இருக்கும் இடத்தில் இறக்கி வைத்துக்கொள், கணக்கு எழுதியதும் நிறுத்து, நோட்டில் நீயே போடு, முட்டினால் மட்டும் மறுபடி ஓடவிடு. நிறுத்திப் போட்ட இடத்தில் நோட்டின் ஓரத்தில் வீடியோவின் நிமிஷத்தை எழுதச் சொல்கிறேன். அந்த ஓரத்தைப் பார்த்தால் எனக்கு ரொம்ப விஷயம் தெரியும். ஒரு நோட்டில் ஒரு நிமிஷக் குறிப்புகூட இல்லை என்றால் பிள்ளை படம் பார்த்திருக்கிறது. ஒரே வீடியோவுக்கு ஐந்து பேரின் நோட்டிலும் ஏழாவது நிமிஷம் என்று இருந்தால், அந்த வீடியோ ஏழாவது நிமிஷத்தில் எதையோ தாண்டிப் போயிருக்கிறது. அந்த ஒரு நிமிஷத்தை நான் பலகையில் நடத்திவிடுகிறேன்.

சைன் எக்ஸ் பை எக்ஸ் பையன் அதற்கடுத்த வாரம் போன் இல்லாமல் வந்தான். மீன்பிடித் தடைக்காலம் வந்தால் அப்பா 61 நாள் கரையில்தான், போன் இவனிடம்தான் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறான். ஏப்ரல் 15-ல் தொடங்கும் என்று தேதியும் சொன்னான். அதற்குள் முழு ஆண்டுத் தேர்வே முடிந்துவிடுமே என்றேன். "பிளஸ் டூவுக்கு சார்" என்றான். "காஸ் எக்ஸ் மைனஸ் ஒண்ணு, அதை எக்ஸால வகுத்தா டிகிரிலயும் பூஜ்ஜியம், ரேடியன்லயும் பூஜ்ஜியம். அது ஏன் மாறல சார்?"